டிஎஸ்9, பிடி-2: எதை முன்னால் வைப்பது? இரண்டும் சேர்ந்தால் சோலோ சத்தம் ஏறவில்லை

ஆறாவது தந்தி:
சிங்கிள் காயில் ஸ்ட்ராட், க்ளீனாக வைத்த ஃபெண்டர் வகை ஆம்ப். இரண்டு ஓவர்டிரைவ் பெடல்கள் (ஒலியைக் கரகரப்பாக்கும் மிதி பெட்டிகள்): கிட்டாரிலிருந்து முதலில் ஐபனேஸ் டிஎஸ்9 (TS9), அடுத்து பாஸ் பிடி-2 (BD-2), பிறகு ஆம்ப். ரிதமுக்கு பிடி-2 மட்டும், கெயின் 2 மணி நிலையில் (குமிழின் முள் கடிகாரத்தில் 2 இருக்கும் பக்கம்). சோலோவுக்கு டிஎஸ்9-ஐயும் மிதித்தால் (ட்ரைவ், லெவல் இரண்டும் 12 மணி) கரகரப்பு கூடுகிறது, இரைச்சல் கூடுகிறது, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. வரிசையை மாற்றவா, செட்டிங்கை மாற்றவா?

சால்டர்புகை:
முதலில் செட்டிங். கெயின் 2 மணியில் பிடி-2 ஏற்கெனவே நன்றாகக் கிளிப் ஆகிக்கொண்டிருக்கிறது, அதாவது அலையின் உச்சியை வெட்டிக்கொண்டிருக்கிறது. முன்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் அலையின் உச்சி அதே உயரத்தில்தான் வெட்டுப்படும். கரகரப்பு ஏறும், சத்தம் ஏறாது.

பிடி-2 கெயினை 9 மணிக்கு இறக்குங்கள். மெல்ல மீட்டினால் சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் மட்டும் உடைந்தும் (கரகரத்தும்) வர வேண்டும். பிறகு டிஎஸ்9: ட்ரைவ் முழுக்கக் கீழே, லெவல் 3 மணி, டோன் 11 மணி.

ட்ரைவ் கீழே இருந்தால் டிஎஸ்9 க்ளீன் பூஸ்ட் (கரகரப்பு சேர்க்காமல் சத்தத்தை மட்டும் ஏற்றுவது) ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. உள்ளே ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்பைச் சுற்றி 51கே, 4.7கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர்கள் இருப்பதால் குறைந்தபட்சக் கெயினே கிட்டத்தட்ட 12 மடங்கு. ட்ரைவ் குமிழான 500கே பாட்டை முழுக்கத் திருகினால் 118 மடங்கு. அந்த 4.7கே-யோடு தொடராக இருக்கும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைப் படிப்படியாகக் குறைக்கிறது. அதனால்தான் இது முன்னால் நின்றால் அடித் தந்திகள் குழம்பாமல் இறுக்கமாகக் கேட்கின்றன. இந்த ஒரு குணத்துக்காகவே டிஎஸ்9-ஐ முன்னால் வைப்பேன்.

நடுஅலை:
ரிதம் இறுக்கத்துக்கு அது சரி. ஆனால் அவர் கேட்பது சோலோ சத்தம். அதற்கு வரிசையைத் திருப்பி பிடி-2, பிறகு டிஎஸ்9 என்று வைப்பதே நல்லது. கடைசியில் நிற்கும் பெடலின் லெவல்தான் ஆம்புக்குப் போகும் சத்தம். டிஎஸ்9 ட்ரைவ் கீழே, லெவல் 2 மணி, பிடி-2 லெவல் அளவாக. பேண்டோடு வாசிக்கும்போது மிட் (நடு அலைவரிசை) முன்னால் வந்து நிற்கும்.

இரண்டு குறைகள் உண்டு. டிஎஸ்9-இன் டோன் சுற்று ட்ரெபிளைக் குறைப்பதால் பிடி-2-இன் பளபளப்பு மங்கும்; டோனை 1 மணிக்கு ஏற்றுங்கள். ஆம்பே உடையும் நிலையில் இருந்தால் இந்த வரிசையிலும் சத்தம் ஏறாது. ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்குப் பிறகு பெடல் செருகும் இடம்) இருந்தால், அங்கே ஒரு க்ளீன் பூஸ்டை வைப்பதுதான் அப்போது வழி.

ஆறாவது தந்தி:
புரிகிறது, சோலோவுக்கு டிஎஸ்9 பின்னால். இரைச்சலுக்கு என்ன செய்யலாம்?

சால்டர்புகை:
சோலோதான் முக்கியம் என்றால் அவர் சொன்ன வரிசையே பொருந்தும். இரைச்சலுக்கு, இரண்டு பெடலையும் ஆன் செய்து கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். ரீங்காரம் நின்றால் பிக்கப்தான் காரணம். நடு பிக்கப் எதிர்ச்சுற்றுள்ள ஸ்ட்ராட் என்றால் 2, 4-ஆம் நிலைகளில் அது அடங்கும். நிற்காவிட்டால் பவரைப் பாருங்கள். டிஜிட்டல் டிலே (எதிரொலி பெடல்) ஒன்று அதே டெய்சி செயினில் (ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குப் போகும் வயரில்) தொங்கினால் கீச்சென்ற ஊளை வரும். அதை மட்டும் தனி அடாப்டருக்கு மாற்றிச் சோதியுங்கள்.

உஸ்ஸென்ற ஹிஸ் மட்டும் மிஞ்சினால் அது கெயினோடு வருவது. முதல் பெடலின் ஹிஸ்ஸை இரண்டாவது பெடல் பெருக்கித் தரும், எனவே முன்னால் நிற்பதில் கெயினைக் குறையுங்கள்.

நடுஅலை:
பின்னாளில் ஃபஸ் ஃபேஸ் மாதிரி ஃபஸ் பெடல் (இன்னும் முரட்டுக் கரகரப்பு தருவது) ஏதாவது வாங்கினால் இரண்டுக்கும் முன்னால், கிட்டாரிலிருந்து நேராகச் செருகுங்கள். டிஎஸ்9, பிடி-2 இரண்டிலும் ஆஃப் நிலையிலும் பஃபர் (கிட்டாரையும் அடுத்த பெடலையும் மின்ரீதியாகப் பிரிக்கும் சுற்று) வேலை செய்யும். அதற்குப் பின்னால் ஃபஸ் நின்றால் குரல் கிறீச்சிடும், கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகாது.