வீடு வீடாகப் பார்வையை அளந்தபோது: அனுபவப் பகிர்வு

களப்பணியாளர் ஒருவர்:

ஒரு வட்டாரத்தில் எத்தனை பேருக்குப் பார்வை குறைந்திருக்கிறது என்பதை மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்து அறிய முடியாது. அழைத்துவர ஆளில்லாதவர்களின் பெயர் அந்தப் பதிவேட்டிலேயே இருக்காது. அதனால்தான், பார்வையிழந்தோரில் மிகப் பெரும்பாலோர் அடங்கும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடி வீடு வீடாகச் செல்கிறோம். ஒரு பாட்டி, "கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது தம்பி, என் வேலையை நானேதான் பார்த்துக்கிறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அடுப்பும் தண்ணீர்க் குடமும் இருக்கும் இடம் அவர் கைகளுக்குப் பழக்கம். ஆனால், பார்வை அட்டையின் மிகப் பெரிய எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மூன்று மீட்டர் தொலைவிலிருந்தும் அவரால் காட்ட முடியவில்லை. இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் கணக்கெடுப்பு என்றால், இவர் பார்வையுள்ளவராகவே பதிவாகியிருப்பார்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பகலில் நல்ல பார்வையுள்ளவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், பார்வை குறைந்தவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். கையில் கிடைத்தவர்களை மட்டும் சோதித்துவிட்டுத் திரும்பினால், விகிதம் உண்மையைவிட உயர்ந்துவிடும். பூட்டிய வீடுகளுக்கு மாலையில் மறுபடியும் போவது அலுப்பூட்டும் வேலைதான். என்றாலும், கணக்கின் நம்பகத்தன்மை பெரும்பாலும் அந்த இரண்டாம் நடையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கண் மருத்துவ உதவியாளர் ஒருவர்:

மேலே ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் முகாமுக்கு வந்த ஒருவர் அட்டையின் கடைசி வரி வரை படித்தார். ஆனால் அறைக்குள் வரும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கண் நீர் அழுத்த நோயால் பக்கவாட்டுப் பார்வை போய், நடுப்பகுதி மட்டும் எஞ்சியிருந்தது. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் காணக்கூடிய பரப்பு, 10 பாகைக்கும் குறைந்தவரைப் பார்வையற்றவராகவே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கிறது. விரைவுக் கணக்கெடுப்புகளோ பொதுவாக அட்டையோடு நின்றுவிடுகின்றன. ஒரு கண்ணை முழுவதும் இழந்தவரும் மற்றொரு கண் நன்றாக இருந்தால் எண்ணிக்கையில் வரமாட்டார், ஏனெனில் நல்ல கண்ணை வைத்தே வகைப்படுத்துகிறார்கள்.

மகள் ஒருவர்:

என் தந்தைக்கு நான்கு மீட்டருக்குள் விரல்களை எண்ணத் தெரியும், அதற்கு அப்பால் எண்ண முடியாது. இந்தியாவில் 2017 வரை 6/60க்குக் கீழ் இருந்தால் பார்வையின்மை (6/60 என்றால், இயல்பான கண் 60 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டரிலிருந்துதான் காண முடியும் என்று பொருள்). அதன்பின் உலக வழக்கப்படி 3/60க்குக் கீழ் இருந்தால்தான். வரையறை மாறியதும் அவர் பார்வையற்றோர் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டார், சாலையைக் கடக்க இன்றும் என் கையைத்தான் பிடிக்கிறார். 2006-07இல் 1 விழுக்காடாக இருந்த பார்வையின்மை, 2015-19 தேசியக் கணக்கெடுப்பில் 0.36 விழுக்காடாகக் குறைந்தது என்ற செய்தியை வாசித்தபோது, எனக்கு மகிழ்ச்சியோடு, இதில் வரையறை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்ற சந்தேகமும் எழுந்தது. அறுவை சிகிச்சைகள் பெருகியதன் பயன் அதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதே கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தோரின் பார்வையின்மைக்கு 66.2 விழுக்காடு காரணம் புரைதான், அதாவது இன்னும் சரிசெய்யக்கூடியது. ஆனால் இரு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடுகிறவர்கள், 6/60க்குக் கீழே, ஆனால் 3/60 வரை பார்வை உள்ளவர்களுக்கான 'கடுமையான பார்வைக் குறைபாடு' என்ற தனி வரிசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் தந்தையைப் போன்றவர்கள் இப்போது அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள்.