29ஆம் கிழமை: எங்கே போகிறோம்?

ஞாயிறு, காலை 9.12

பெரியம்மா: எல்லோரும் கவனியுங்கள். ஜூலையில் 29ஆம் கிழமைக்கு, அதாவது வருடத்தின் 29ஆவது வாரத்துக்கு, வாடகைக்குக் கோடை வீடு இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். டென்மார்க்கில் தொழிற்சாலைகள் மூடுகிற மூன்று கிழமைகளில் நடுவில் வருவது அது. பிந்தினால் மிஞ்சுவது தெருவோரத்து வீடுதான். சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்ப வேண்டும். இடையில் பிய்த்துத் தர மாட்டார்கள். பதினொரு பேர். அம்மம்மாவும் வருகிறார்.

சித்தப்பா: மேற்குக் கரையில் வீத சாண்ட. வேறு பேச்சே வேண்டாம். மதகடியில் தூண்டிலைப் போட்டால் ஹெரிங் மீன் கொத்துக் கொத்தாக ஏறும்.

பெரியம்மா: அது ஏறுவது ஏப்ரலிலும் மேயிலும். ஜூலையில் நீங்கள் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதைதான் பேசுவீர்கள்.

தம்பி: போர்ன்ஹோம் தீவுக்குப் போகலாம். டென்மார்க்கில் பாறைக்கரை என்று சொல்ல அது ஒன்றுதான். ஸ்வீடனுக்குக் காரில் போய் யூஸ்டாடில் கப்பல் ஏறினால் ஒரு மணி இருபது நிமிடம். வட்டக் கட்டடமாக நான்கு பழைய தேவாலயங்கள், புகைபோட்ட மீன், டூஒட கடற்கரை. அந்த மணல் அவ்வளவு நுண்மை, முன்பு மணற்கடிகாரத்துக்குள் போட்டார்களாம்.

பெரியம்மா: நீ கோபன்ஹேகனில் இருக்கிறாய், உனக்குப் பக்கம். ஹெர்னிங்கிலிருந்து நாங்கள் நாட்டையே குறுக்கே கடக்க வேண்டும். பெரிய பாலத்துக்கு ஒரு காசு, ஸ்வீடன் பாலத்துக்கு ஒரு காசு, கப்பலுக்கு ஒரு காசு. போய்ச் சேருவதற்குள் மணற்கடிகாரம் இரண்டு தரம் காலியாகிவிடும்.

லண்டன் மாமி: மச்சாள், ஒரு படம் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு மலை, கீழே பச்சை நிறக் கடல். அதுவும் உங்கள் நாடுதானா?

அக்கா: அது மூன் தீவு, மாமி. அந்தச் சுண்ணாம்பு மலையின் உச்சி 128 மீற்றர். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கரைக்கு இறங்க ஐந்நூறு படி அளவில் இருக்கின்றன. இறங்குவது பரவாயில்லை, அதே படியில்தான் திரும்பி ஏற வேண்டும். அம்மம்மாவின் முழங்காலை நினைத்துப் பாருங்கள்.

சித்தி: அம்மம்மா பக்கத்தில் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் முழங்காலைச் சாட்டி ஒருவரும் ஓர் இடத்தையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொள்வேன்."

தம்பி: அப்படியென்றால் ஸ்கேன்.

லண்டன் மாமி: ஐயோ, யாருக்கு? எப்போது எடுத்தார்கள்?

தம்பி: மாமி, அது ஊர். ஸ்காகன் என்று எழுதுவார்கள், வாயில் வரும்போது ஸ்கேன் ஆகிவிடும். நாட்டின் வட முனை. இரண்டு கடல்கள் மோதுகிற மணல்முனை, அங்கே கொண்டுபோய்விட உழவு இயந்திரம் இழுக்கும் பஸ் இருக்கிறது. அம்மம்மா நடக்கவே வேண்டாம்.

பெரியம்மா: மற்ற எந்தக் கிழமையும் சரி. 29ஆம் கிழமையில் கோபன்ஹேகனுக்கு வடக்கே இருக்கும் பணக்காரர்கள் எல்லாம் சம்பேன் போத்தலோடு அங்கேதான் இறங்குவார்கள். அவர்கள் நடுவில் நாங்கள் பதினொரு பேர் புட்டுக்குழலோடு. வாடகையைப் பார்த்தாயா?

பகல் 1.40

சித்தி: எந்த ஊர் என்றாலும் சரி, உள்ளே நீச்சல் குளமும் சுடுநீர்த் தொட்டியும் இருக்கும் வீடு வேண்டாம். போன வருடத்தை மறந்துவிட்டீர்களா? வாடகையைப் பார்த்து மலிவு என்று குதித்தோம். மின்சாரமும் தண்ணீரும் மீற்றரைப் பார்த்துத் தனியாக வந்தன. பிள்ளைகள் இரவு பதினொரு மணி வரை தொட்டியில் கிடந்தார்கள், அந்த நேரமும் வானம் வெளிச்சம்தானே, யார் எழும்புவார்கள்? கடைசியில் மின்கட்டணம் மட்டுமே இன்னும் இரண்டு நாள் தங்கும் காசு. போய் இறங்கியதும் மீற்றரைப் படம் எடுத்து வைக்கவில்லை, அதனால் வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை. இம்முறை சாவியை வாங்கியதும் முதல் வேலை அதுதான். பிறகுதான் தேநீர்.

சித்தப்பா: அந்தத் தொட்டியில் அதிக நேரம் கிடந்தது பிள்ளைகள் அல்ல என்று சிலருக்குத் தெரியும்.

சித்தி: சொல்லுங்களேன், யார்?

சித்தப்பா: நான் தூண்டில் கயிறு வாங்கக் கடைக்குப் போகிறேன்.

மாலை 6.05

அக்கா: நான் ஒன்று சொல்லட்டுமா? றோமோ தீவு. ஹெர்னிங்கிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம், லண்டன் மாமி வந்து இறங்கும் பில்லுண்ட் விமான நிலையத்திலிருந்து இன்னும் குறைவு. தீவு என்றாலும் கப்பல் வேண்டாம்: கடலுக்கு நடுவே ஒன்பது கிலோமீற்றர் அணை, 1948இல் திறந்தது, கட்டணம் இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான்: லக்கோல்க் கடற்கரையில் காரை மணலிலேயே ஓட்டிக்கொண்டு போகலாம். மணல் சிமெந்து போல இறுகியிருக்கும். மேற்குக் கரையில் மற்றப் பல இடங்களில் வீட்டிலிருந்து கடலுக்குப் போக மணல்மேடு ஏறி இறங்க வேண்டும், ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். இங்கே கார்க் கதவைத் திறந்து, கதிரையை விரித்து, அம்மம்மாவை இருத்திவிடலாம். காற்று அடித்தால் காரே மறைப்பு.

பெரியம்மா: கார் புதைந்தால்?

அக்கா: புதையும், கவனமில்லாதவர்களுக்கு. அங்கே வற்றுப்பெருக்கு ஒன்றரை மீற்றருக்கு மேல். வற்றியிருக்கும்போது தண்ணீரைத் துரத்திக்கொண்டு போய்க் காரை நிறுத்திவிட்டுத் தூங்கினால் கடல் தேடி வரும். நேர அட்டவணையைப் பார்த்து மேட்டுப் பக்கமாக நிறுத்த வேண்டும்.

லண்டன் மாமி: பிள்ளைகள் குளிக்கலாமா? நடுக்கடல் போலத் தெரிகிறது.

அக்கா: ஆழமில்லை, மாமி. வற்றியிருந்தால் முழங்கால் நனையவே நெடுந்தூரம் நடக்க வேண்டும். வடக்கே சொண்டவீ பக்கம்தான் நான் பயப்படுவது. அங்கே கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் மணல்திட்டு ஓடும். திட்டில் வாய்க்கால் போல ஓர் உடைவு விழுந்தால், அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் முழுவதும் அதன் வழியேதான் திரும்பிப் போகும். மேலே அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். பிள்ளைகள் அந்த இடத்தைத் தேடித்தான் இறங்குவார்கள். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். றோமோவிலும் சிவப்பும் மஞ்சளுமான கொடி பறக்கும் இடத்தில் மட்டும்தான் இறங்க விடுவேன், சொல்லிவிட்டேன்.

தம்பி: மழை பெய்தால்? பெய்யும்.

அக்கா: ரீப நகரம் பக்கத்தில் இருக்கிறது, நாட்டிலேயே பழைய நகரம். கோடை இரவுகளில் காவற்காரர் ஒருவர் விளக்கோடு தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார், பின்னால் நடக்கக் காசு வேண்டாம். இல்லாவிட்டால் பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய் நண்டு பிடிக்க விடலாம். ஒரு நூல், துணிக்கிளிப் ஒன்று, கிளிப்பில் உடைத்த மட்டிச்சதை. அரை நாள் சத்தமே வராது.

பெரியம்மா: எனக்குச் சரி. பிராண்ட ஊர் அம்மன் கோயில் தேர் அந்தக் கிழமையில் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்டுவேன். தேர் வந்தால் கிழமை மாறும், றோமோ மாறாது.

சித்தி: படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் எல்லாம் அவரவர் கொண்டுவர வேண்டும். கடைசி நாள் துப்புரவையும் நாங்களே செய்தால் காசு மிச்சம். மீன்குழம்பு வீட்டுக்குள் கிடையாது, வெளித் திண்ணையில்தான்.

அம்மம்மா (சித்தி எழுதுவது): "கார் கடலுக்குள் போகுமா, கரையில் நிற்குமா? முதலில் அதைச் சொல்லுங்கள்."

அக்கா: கரையில், அம்மம்மா. நான்தான் ஓட்டுவேன்.

"அப்படியென்றால் வருகிறேன். சித்தப்பா ஓட்டினால் வர மாட்டேன்."

சித்தப்பா: றோமோவில் ஹவ்னபூ துறைமுகத்தில் இறால் கிடைக்குமா?

பெரியம்மா: கிடைக்கும். சுண்டுவிரல் அளவு. உரிப்பது நீங்கள்.