சம்பளத்துக்கு ரக்பி ஆடிய காலம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஒன்பது சீசன் தொழில்முறை ரக்பி யூனியன் (ஓர் அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி) ஆடினேன். டைட்ஹெட் ப்ராப், அதாவது முன்வரிசையின் வலது பக்கத்தவன். ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணி ஆட்களும் பிணைந்து பந்துக்காகத் தள்ளும்போது, எங்கள் தலை எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கருக்கும் அவர்களின் இடது பக்க லூஸ்ஹெட்டுக்கும் நடுவில் போய்ச் செருகும். அதனால் பாரம் இரண்டு தோளிலும் இறங்கும். பின்னாலிருந்து நம் ஆட்கள் தள்ளுவது வேறு.

ஏழாவது சீசனில், ஸ்க்ரம் பயிற்சி முடிந்ததும் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஷூ லேஸை அவிழ்க்கக்கூட முடியாது. எல்லாரும் உடைமாற்றிப் போகும்வரை ஏதோ யோசிப்பவன் போல உட்கார்ந்திருப்பேன். அது ஒப்பந்தம் புதுப்பிக்கும் வருடம், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவது சீசனில் ஒரு ஸ்க்ரம் சரிந்தபோது கை முழுக்க மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. கழுத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். 31 வயதில் ஆட்டம் முடிந்தது. நீங்கள் ஆடியிருந்தாலும், ஆடியவர்களோடு பழகியிருந்தாலும் எழுதுங்கள்.

* * *

நான் ஓர் அணியில் பிசியோவாக இருந்தேன். நீங்கள் மறைத்ததைப் படித்தபோது ஒரு ஃபிளாங்கர் (ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்பவர்) நினைவுக்கு வந்தார். டாக்கிள் செய்யும்போது, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போது, எதிராளியின் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில் இடித்தது. தலைக்காயப் பரிசோதனைக்காக உள்ளே கூட்டிவந்தோம். அதற்கு 12 நிமிடம். அதுவரை மாற்று ஆட்டக்காரர் களத்தில் நிற்பார். சீசன் தொடங்குமுன் எடுத்து வைத்த மதிப்பெண்ணோடு இதை ஒப்பிடுவோம். அந்த முதல் மதிப்பெண்ணையே வேண்டுமென்று குறைத்துக்கொள்கிற வீரர்கள் உண்டு. அப்போதுதானே அடிபட்ட பிறகும் வித்தியாசம் தெரியாது!

அவர் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டார்: "நாம முன்னிலையா?" மூன்று முறையும் பதில் சொன்னேன். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். மருத்துவர் அவரைத் திரும்ப இறக்கவில்லை. அந்தச் சீசன் முழுக்க அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பதிவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிட்னி, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். இங்கிலாந்து ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன் லைன்-அவுட்டில் (பந்து பக்கக் கோட்டைத் தாண்டிய பிறகு, வரிசையாக நிற்கும் இரண்டு அணிகளுக்கும் நடுவே அதை எறிவது) வரிசையின் கடைசிக்கு நீளமாகப் பந்தை எறிகிறார். அங்கிருந்து கிளம்பிய பந்தைத்தான் ஜானி வில்கின்சன் வலது காலால் டிராப் கோலாக (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்து, இங்கிலாந்து 20-17 என்று ஜெயித்தது. 2020-ல், 42 வயதில், தனக்கு டிமென்ஷியா தொடங்கிவிட்டது என்றும் அந்தக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்றும் தாம்சன் சொன்னார். அதற்குப் பிறகு அந்த லைன்-அவுட்டை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை. அந்த ஃபிளாங்கரின் கோபம் எனக்குப் பரவாயில்லை.

* * *

நான் 1995 ஆகஸ்டுக்கு முன்னால் ஆடியவன். அதுவரை ரக்பி யூனியனில் ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். வீங்கிய கண்ணோடு திங்கட்கிழமை அலுவலகம் போவேன். முழங்கால் போனபோது அழுதேன்தான், ஆனால் வருமானம் நிற்கவில்லை. இப்போது இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டம் மட்டும்தான் வேலை. அவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

* * *

ஒரு மாற்று ஃப்ளை-ஹாஃபோடு (ஆட்டத்தை நடத்துகிற, பெரும்பாலும் உதைக்கிற ஆள்) ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். வாரா வாரம் 22-ஆம் எண் ஜெர்சி, பாதி ஆட்டங்களில் களத்தில் இறங்கவே மாட்டான். மனம் விட்டுப்போகும்போதெல்லாம் ஸ்டீஃபன் டொனால்டின் கதையைச் சொல்வான். 2011 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் ஃப்ளை-ஹாஃப் டான் கார்ட்டருக்குக் காயம், அவருக்குப் பதிலாக வந்தவருக்கும் காயம். ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த டொனால்டைக் கூப்பிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் மூன்றாமவரும் காயத்தோடு வெளியேற, டொனால்ட் இறங்கி அடித்த பெனால்டியில் 8-7 என்று கோப்பை கிடைத்தது. என் நண்பனுக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. ஆனாலும் கடைசி நாள் வரை எல்லாரும் போன பிறகு தனியாக நின்று நாற்பது உதை பழகிவிட்டுத்தான் வருவான்.

* * *

முதலில் எழுதிய அண்ணாவுக்கு. என் தம்பி ஓர் அகாடமியில் ப்ராப், 19 வயது. ஸ்க்ரம் பயிற்சிக்குப் பிறகு விரல் மரத்துப்போகிறது என்று போன வாரம் என்னிடம் சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிவாகும். என்ன செய்வது?

* * *

தங்கச்சி, முதலில் எழுதியவன்தான் நான். தம்பியை இன்றைக்கே அணி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அதுவரை ஸ்க்ரம் பக்கமே போக வேண்டாம். எந்த விரல், எவ்வளவு நேரம், எப்போதிருந்து என்று எழுதி எடுத்துப் போகட்டும். உங்கள் மேல் கோபப்படுவான், படட்டும். என் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், ராத்திரி எத்தனை மணியானாலும் பேசச் சொல்லுங்கள்.