எல்இடி வாலுக்கு 7680 அகலத்தில் எக்ஸ்போர்ட் செய்வது சரியா, தவறா?

அம்மாபேட்டை அனிமேட்டர்:
ஆடித் திருவிழா மேடைக்குப் பின்னால் ஓடுவதற்காக அம்மன் கொலுசு அனிமேஷன் ஒன்று செய்து கொடுத்தேன். எல்இடி வால் (விளக்குப் புள்ளிகளால் ஆன திரைச்சுவர்) 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய திரையாச்சே என்று 7680 x 1920 அளவில், நொடிக்கு 60 ஃபிரேம், ஹெச்.264 (வழக்கமான வீடியோ சுருக்க முறை) ஃபைலாகக் கொடுத்தேன். மேடையில் திக்கித் திக்கி ஓடியது. கொலுசு மணிகள் நகரும்போது படபடவென்று துடித்தன. வால் போட்டவர் 3072 x 768 போதும் என்கிறார். ஃபுல் எச்டியை விடக் கொஞ்சம்தான் அதிகம் அது! 40 அடித் திரைக்கு எப்படிப் போதும்? லேப்டாப்பில் வலு இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெரிய திரைக்குப் பெரிய ஃபைல்தான் வேண்டும்.

ஐந்து ரோடு ஆபரேட்டர்:
தம்பி, அடிக்கணக்கை விட்டுவிட்டுப் புள்ளிக்கணக்கைப் பாருங்க. திருவிழாவுக்கு வாடகைக்கு வருவது பெரும்பாலும் பி3.91 வால், அதாவது புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர் இடைவெளி. வாலைக் கட்டுகிற 500 மில்லிமீட்டர் சதுரப் பலகை, அதாவது கேபினட், ஒன்றில் 128 x 128 புள்ளிகள். 12 மீட்டருக்கு 24 கேபினட், 3 மீட்டருக்கு 6. பெருக்கினால் 3072 x 768 வருகிறது. வாலில் இருப்பதே அவ்வளவுதான். நீங்கள் கொடுத்தது அதைப்போல் 6.25 மடங்கு புள்ளிகள். மிச்சமெல்லாம் வாலுக்குப் போகும் முன்பே கழிந்துவிடும்.

மணிகள் துடித்ததும் அதனால்தான். 7680-ஐ 3072 ஆக்கும்போது இரண்டரைப் புள்ளி ஒரு புள்ளியாகிறது. பிளேயர் சாஃப்ட்வேர் ஓடுகிற வேகத்தில் பக்கத்துப் புள்ளிகள் சிலவற்றை மட்டும் எடுத்துக் கலக்கும். 2 புள்ளி தடிமனில் நீங்கள் வரைந்த வெள்ளிக் கம்பி ஒரு ஃபிரேமில் தெரியும், அடுத்த ஃபிரேமில் மங்கிப்போகும்.

திக்கியதற்குக் காரணம் வேறு. இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான கிராஃபிக்ஸ் கார்டுகள் ஹெச்.264-ஐ 4096 அகலம் வரைதான் தாமாகப் பிரித்துக் காட்டும். அதைத் தாண்டினால் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். நொடிக்கு 60 முறை அதால் முடியவில்லை.

அம்மாபேட்டை அனிமேட்டர்:
சரி அண்ணா, கேபினட் கணக்கு புரிகிறது. ஆனால் பெரிதாக ரெண்டர் செய்வதே (கணினியில் ஃபிரேம்களை உருவாக்குவதே) தப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். நேற்று அதே காட்சியை நேரடியாக 3072-இல் ரெண்டர் செய்து பார்த்தேன், மணிகளின் விளிம்பு படிக்கட்டு போல் தெரிகிறது. 7680-இல் ரெண்டர் செய்து, நல்ல ஃபில்டர் போட்டு நானே சுருக்கினால் பட்டு போல் வருகிறது.

இன்னொன்று, அடுத்த வருடம் பி2.6 வால் வந்தால்? அதில் ஒரு கேபினட்டுக்கு 192 புள்ளி. அதே 24 x 6 கேபினட்டுக்கு 4608 x 1152 வேண்டும். 3072 மட்டும் கையில் இருந்தால் இழுத்துப் பெரிதாக்கித்தான் ஓட்ட வேண்டும். இரண்டு மாத உழைப்பு அது.

ஐந்து ரோடு ஆபரேட்டர்:
பெரிதாக ரெண்டர் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெரிய மாஸ்டரை (மூல ஃபைலை) வீட்டில் வைத்துக்கொள்ளுங்க, மேடைக்குக் கொண்டுவராதீங்க. சுருக்குவதை நிதானமாக அங்கேயே செய்தால் ஒவ்வொரு புள்ளியும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

மேடைக்கு ஹேப் கியூ ஃபைல் கொடுங்க, அது ஹேப் என்ற வீடியோ சுருக்க முறையின் தரம் கூடிய வகை. அதைக் கிராஃபிக்ஸ் கார்டே விரிப்பதால் பிராசஸருக்குச் சுமை குறைவு. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச சாஃப்ட்வேரிலேயே எடுக்கலாம், செலவில்லை. அகலமும் உயரமும் 4-ஆல் வகுபட வேண்டும், உங்களுடையது வகுபடும். ஆனால் ஃபைல் கனம்: ஒரு புள்ளிக்கு ஒரு பைட். 3072 x 768, 60 ஃபிரேம் என்றால் நொடிக்கு சுமார் 142 எம்பி வரை, எஸ்எஸ்டி தாங்கும். அதையே 7680 x 1920-இல் கொடுத்தால் 885 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 சொச்சத்திலேயே நின்றுவிடும். பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டச் சொல்கிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்காடு லாபி:
நான் அனிமேட்டர் பக்கம். ஆபரேட்டர் அண்ணா சொல்வது திருவிழா மேடைக்குப் பொருந்தும், எல்லா வாலுக்கும் பொருந்தாது. நான் விடுதி ஒன்றின் வரவேற்பறைக்குப் பி1.25 வால் அமைத்தேன். 600 x 337.5 மில்லிமீட்டர் கேபினட்டில் 480 x 270 புள்ளிகள். 8 x 8 கேபினட், வெறும் 4.8 மீட்டர் அகலம், அதற்கே முழு 4கே. விருந்தினர்கள் 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறார்கள். அங்கே 3072-ஐக் கொடுத்தால் எழுத்தின் விளிம்பெல்லாம் குழம்பிவிடும்.

எனக்கு வந்த பெரிய தலைவலி வேறு. ஏரி மேல் மூடுபனி நகரும் காட்சி, சாம்பலிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாற வேண்டும். 8 பிட்டில், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டும் இருக்கும்போது, பனி பட்டை பட்டையாக, வரப்பு வரப்பாக வந்தது. அங்கே எத்தனை புள்ளி சேர்த்தாலும் பயனில்லை. மேலே மெல்லிய நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) தூவியதும் பட்டைகள் கரைந்தன. ஹெச்.264-இல் பிட்ரேட்டை (நொடிக்கு ஒதுக்கும் டேட்டா அளவை) குறைத்தால் அந்த நாய்ஸைக் கோடெக் (சுருக்கும் முறை) வழித்துவிடும், பட்டை திரும்ப வரும். சாதாரண ஹேப்பிலும் பட்டை தெரியும், கியூதான் எடுக்க வேண்டும்.

ஐந்து ரோடு ஆபரேட்டர்:
ஏற்காட்டு வாலுக்கு 4கே என்பதும் என் கணக்குதானே? வாலில் 3840 புள்ளி இருக்கிறது, 3840 கொடுக்கிறீர்கள். அம்மாபேட்டை மேடையில் முதல் வரிசையே 8 மீட்டர் தள்ளி உட்காரும். 3.91 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைச் சுமார் 13 மீட்டருக்கு அப்பால் நல்ல கண்ணாலும் பிரித்துப் பார்க்க முடியாது. பின்வரிசை மக்களுக்குப் பி2.6 எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. கோயில் காசை அதில் போட வேண்டாம் என்றுதான் கமிட்டியிடம் சொல்வேன்.

அம்மாபேட்டை அனிமேட்டர்:
முன்வரிசையில் உட்காருவது வயதான அம்மாக்கள், குழந்தைகள். அவர்கள் பார்ப்பதற்குத்தான் ஒவ்வொரு மணியாகச் செதுக்கினேன், அதனால் பி2.6 கேட்பதை நான் விடப்போவதில்லை. இந்த வருட வாலுக்கு மாஸ்டரிலிருந்து 3072 x 768 ஹேப் கியூ எடுத்துவிட்டேன். வெள்ளிக் கம்பியை மாஸ்டரில் 2-இலிருந்து 5 புள்ளியாக்கினேன், சுருக்கினால் சரியாக 2 வரும். அண்ணா, நாளை மாலை வால் ஏற்றும்போது வரலாமா? ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டெஸ்ட் படமும் கொண்டுவருகிறேன். வழியில் எங்காவது சுருங்கினால் அதில் தெரிந்துவிடும்.

ஐந்து ரோடு ஆபரேட்டர்:
ஆறு மணிக்குள் வாங்க. விண்டோஸில் ஸ்கேலிங்கை (திரையில் உள்ளதைப் பெரிதாக்கும் அமைப்பை) 100 சதவீதத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கட்டத்தை முதலில் ஓட்டுவோம், அப்புறம் கொலுசு.