ஏஐ படத்தை அச்சு அட்டைக்குத் தயார் செய்வது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. 5.5 x 8.5 அங்குல நாவல் அட்டைக்குப் பதிப்பாளர் ஏஐ படம்தான் தந்திருக்கிறார். 1024 x 1024 பிக்சல். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) மூன்றரை அங்குலம்கூடத் தேறாது. பிளீட் (வெட்டும்போது போகும் ஓர விளிம்பு) சேர்த்து 1725 x 2625 பிக்சல் வேண்டும். அப்ஸ்கேல் செய்தால் (மென்பொருளில் பெரிதாக்கினால்) முகம் மெழுகு பொம்மையாகிறது, புடவைக் கரை குழைகிறது.

படத்தில் ஏஐ போட்ட தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம்! தலைப்பை இன்டிசைனில் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) தனியாக அடித்துக்கொள்ளலாம், அது சிக்கலில்லை.

நிறம்தான் தொல்லை. பளிச்சென்ற ஆர்ஜிபி (திரை நிறமுறை) நீலம், சிஎம்ஒய்கேக்கு (அச்சு மை நிறமுறை) மாற்றியதும் ஊதா கலந்து மங்குகிறது. மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மேலுறை) போட்டால் இன்னும் அடங்கிவிடும். மெஜந்தாவை (இளஞ்சிவப்பு மை) எவ்வளவு குறைக்கிறீர்கள்? துணி, முகத்தை மட்டும் கையால் மறுபடி வரைகிறீர்களா? அதற்கான கூலியை பில்லில் எப்படிக் காட்டுகிறீர்கள்? கேட்டால் பதிப்பாளர்கள் ‘படம்தான் ரெடியா இருக்கே’ என்கிறார்கள்.