தொகுநேர உசாவல்: இரண்டு வேலை, இரண்டு சொல்

வணக்கம் நண்பர்களே,

மெட்டாப்ரோகிராமிங், அதாவது நிரலே நிரலைக் கையாள்வது, என்பதற்குத் தமிழில் மீநிரலாக்கம் என்று வைத்துவிட்டு நகரலாம் என்கிறீர்கள். மெட்டாடேட்டா மீதரவு ஆனபின் அது இயல்புதான். ஆனால் ஹைப்பர்டெக்ஸ்டும் மீயுரை, சூப்பர் கம்ப்யூட்டரும் மீக்கணினி. ஒரே ‘மீ’ எத்தனை சுமக்கும்? சரி, பரவிவிட்ட சொல், இருக்கட்டும். அதற்குள் நிரலை உண்டாக்குவது, நிரலைப் பற்றிக் கேட்டறிவது என இரண்டு வேலைகள் கலந்து கிடப்பதுதான் என் கவலை.

ரஸ்ட் என்ற நிரல்மொழியின் ப்ரொசீஜரல் மேக்ரோவை எடுத்துக்கொள்வோம். தொகுக்கும்போதே (கம்பைல் ஆகும்போதே) ஓடிப் புது நிரல் எழுதித் தரும். ஆனால் அதன் கைக்கு வருவது டோக்கன் வரிசை, அதாவது நிரலின் சொற்களும் குறிகளும், மட்டுமே. ஒரு புலத்தின் (ஃபீல்ட்) வகைப் பெயர் (டைப்) அதற்கு வெறும் எழுத்து. அந்த வகை உண்மையில் எது, எத்தனை பைட் என்று தொகுப்பியிடம் (கம்பைலர்) கேட்க வழியில்லை. ஸிக் மொழியில் கேட்கலாம். டைப்இன்ஃபோ என்ற வசதியை அழைத்தால், பல புலங்களைக் கட்டிவைத்த ஸ்ட்ரக்டின் புலங்களும் அவற்றின் வகைகளும் சாதாரண மதிப்புகளாக வந்து நிற்கும், ஃபார் லூப் போட்டுச் சுற்றலாம். டி மொழி ‘இந்தத் துண்டு பிழையின்றித் தொகுபடுமா?’ என்றே கேட்கவிடுகிறது. பதிலைப் பார்த்து, தொகுக்கும்போதே முடிவாகும் ஸ்டாட்டிக் இஃப் கிளை பிரியும். எனக்கு மிகப் பிடித்த வசதி அது.

சி++ஐப் பாருங்கள். 1994இலேயே எர்வின் உன்ரு என்ற நிரலாளர், வகைகளுக்கான வார்ப்பான டெம்ப்ளேட்டை வைத்துப் பகா எண்களைப் பிழைச் செய்திகளில் வரவழைத்துக் காட்டினார். தொகுக்கும்போதே கணக்குப் போடும் வலு அன்றே இருந்தது. ஒரு வகையின் உறுப்புகளை முறையாகக் கேட்டறியும் வசதியோ 2025இல்தான் சி++26 தரத்தின் வரைவில் ஏறியது. அதனால்தான் இரண்டுக்கும் தனிச்சொல் கேட்கிறேன்.

கம்பைல்டைமுக்குத் தொகுநேரம் என் பரிந்துரை. வினைத்தொகை; இயங்குநேரத்துக்கு (ரன்டைம்) நல்ல இணை. நிரலை உண்டாக்கும் வேலை தொகுநேர நிரலாக்கம். கேட்டறியும் வேலையான இன்ட்ரோஸ்பெக்‌ஷனுக்கு அகநோக்கு என்றவர்களுக்கு ஒரு வார்த்தை: நிரல் தனக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, தன்னைப் பற்றித் தொகுப்பியிடம் கேட்கிறது. ஆகவே உசாவல். வினவல் தரவுத்தளக் குவெரிக்குப் போய்விட்டது. உசாத்துணை ஏற்கெனவே புழங்குவதால் இதுவும் அந்நியமாக ஒலிக்காது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘இந்தச் சார்பு (ஃபங்ஷன்), வகையைத் தொகுநேரத்தில் உசாவி, புலத்துக்கு ஒரு வரி நிரல் ஆக்குகிறது.’ தடுக்கவில்லை. ஓடும்போதே வகைகளைக் கேட்டறியும் ஜாவாவின் ரிஃப்ளெக்‌ஷனையும் இயங்குநேர உசாவல் என்றே சொல்லலாம். எதிரொளிப்பு என்று ஒளியியலிடம் கடன் வாங்க வேண்டாம்.

அப்புறம், தொகுப்பி எடிட்டரையும் குறிக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. எடிட்டருக்குத் திருத்தி என்று வைத்தால் அது தீரும்.