ரஷ் குழு நமக்கு ஒரு கச்சேரி பாக்கி வைத்திருக்கிறதா?

தேம்ஸ்கரையான்:
கனடாவின் ராக் இசைக்குழுவான ரஷ் 2015 ஆகஸ்ட் 1 அன்று, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டின் ஃபோரம் அரங்கில் வாசித்ததோடு மேடையை விட்டு இறங்கியது. அந்தப் பயணத்தில் 35 கச்சேரிகள், அத்தனையும் அமெரிக்காவிலும் கனடாவிலும்தான். ஐரோப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை. லண்டனில் எங்கள் வீட்டில் நானும் மனைவியும் டிரம்ஸ் கற்றுக்கொண்டிருந்த மகனும் 2013-ல் ஓ2 அரங்கில் கேட்டதுதான் கடைசி. மகள் அப்போது சின்னவள். அடுத்த முறை உன்னையும் அழைத்துப்போகிறோம் என்று சமாதானம் சொல்லி வைத்திருந்தோம். இவர்களோ "இவ்வளவு பெரிய பயணம் இதுவே கடைசியாக இருக்கக்கூடும்" என்று மழுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நாற்பது ஆண்டு ஆதரித்த ரசிகர்களுக்கு இதுதான் மரியாதையா?

ஒற்றைத்தாளம்:
காசு கொடுத்தீர்கள், கச்சேரி கேட்டீர்கள், கணக்கு அன்றே தீர்ந்துவிட்டது. இதில் பாக்கி எங்கிருந்து வந்தது?

குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் எப்படிப்பட்ட வாழ்க்கையைத் தாண்டி வந்தவர் என்று தெரியாதா? 1997-ல் மகளைக் கார் விபத்தில் இழந்தார். அடுத்த ஆண்டே மனைவி புற்றுநோயில் போனார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டம் முழுவதும் அலைந்து, தேறி, மறுபடி மணம் செய்துகொண்டு, 2009-ல் மீண்டும் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானார். கடைசிப் பயணத்தில் வயது 62. தோள்வலி, பாதத்தில் தொற்று, அதோடு இரவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாசிப்பு. 2016-ல் மூளைப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2020 ஜனவரியில் இறந்தார். உங்களுக்காக ஐரோப்பாவைச் சுற்றியிருந்தால் அந்தச் சிறுமிக்கு அப்பாவோடு கிடைத்த நல்ல மாதங்கள்தான் குறைந்திருக்கும். பள்ளித் தோழிகளிடம் "என் அப்பா ஓய்வுபெற்ற டிரம்மர்" என்று அவள் சொல்வதை அவரே ரசித்து எழுதியிருக்கிறார்.

தேம்ஸ்கரையான்:
நோய் வரப்போவது 2015-ல் யாருக்கும் தெரியாது. அதைக் காட்டி வாயை அடைக்காதீர்கள், ஐயா. பியர்ட் மீது எனக்கு வருத்தமில்லை. இருப்பதே 35 கச்சேரி என்றால், அதில் இரண்டை இந்தப் பக்கம் வைத்திருக்கலாம் என்பதுதான் என் வழக்கு. குழுவின் பாடகர் கெடி லீயே 2023-ல் வந்த தன் வரலாற்று நூலில் பிரிட்டன், ஐரோப்பிய ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறார். பாடியவருக்கே உறுத்தும்போது கேட்டவனுக்கு உறுத்தக்கூடாதா?

நாடோடிப்பாணன்:
மழுப்பினார்கள் என்கிறீர்களே, முழங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மோட்லி க்ரூ என்ற அமெரிக்க ராக் குழு இனிமேல் பயணமே கிடையாது என்று 2014-ல் ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்திட்டது. 2015 டிசம்பர் 31-ல் "கடைசி" கச்சேரி. 2019-ல் ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல் ஒரு காணொளி, 2022-ல் ஸ்டேடியம் ஸ்டேடியமாகச் சுற்றுப்பயணம். கிஸ் குழு 2000-ல் விடைபெறக் கிளம்பி 2023 டிசம்பரில்தான் வாசலைத் தாண்டியது. ஸ்கார்பியன்ஸ் 2010-ல் ஓய்வை அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஆண்டாண்டாக மேடையேறியது. "கடைசி வாய்ப்பு" என்றால் டிக்கெட் விலை ஏறும், அவ்வளவுதான். உறுதியில்லாததை உறுதியில்லை என்று சொன்ன ரஷ் எவ்வளவோ மேல்.

தேம்ஸ்கரையானின் மகன்:
அப்பாவின் கணக்கிலிருந்து எழுதுகிறேன். 2026 கோடையில் கெடி லீயும் கிதார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனும் அனிகா நில்லஸ் என்ற ஜெர்மன் டிரம்மரோடு வருகிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? அவர் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு மேடையேறியவர், சாதாரண ஆளில்லை. முதலில் அறிவித்த ஏழு நகரங்களில் டொராண்டோ இருக்கிறது. நான் போகப்போகிறேன். அம்மா, பியர்ட் இல்லாமல் அது ரஷ் இல்லை என்று உறுதியாக மறுக்கிறார். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார்.

ஒற்றைத்தாளம்:
உங்கள் அம்மா சொல்வதே சரி, தம்பி. பியர்ட் வெறும் டிரம்மர் அல்லர். 1974-ல் சேர்ந்த நாள்முதல் ஏறக்குறைய எல்லாப் பாடல் வரிகளும் அவருடையவை. சொல்லைக் கொடுத்தவர் போனபின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாடோடிப்பாணன்:
அதே 1974-ல் வந்த முதல் ரஷ் இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்சி. பியர்ட்டும் இன்னொருவர் எழுந்த இருக்கையில் உட்கார்ந்தவர்தான். வரிகள் எழுதியவரோடு போய்விடுமென்றால் தியாகராஜரை இன்று யார் பாடுவது?

ஒற்றைத்தாளம்:
தியாகராஜரை இழுக்காமல் இந்த மன்றத்தில் ஒரு விவாதமும் முடியாது போலிருக்கிறது.

தேம்ஸ்கரையான்:
நான் தலையாட்டவில்லை. முதலில் அறிவித்த அந்த ஏழு நகரங்களில் ஐரோப்பா இல்லை, அதைத்தான் சொன்னேன். மகள் தனக்கும் டிக்கெட் வேண்டும் என்கிறாள். விமானக் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

ஒற்றைத்தாளம்:
நான் இருப்பது டொராண்டோவில்தான். பிள்ளைகளை அனுப்புங்கள், மாடி அறை காலியாக இருக்கிறது. அரங்க வாசல்வரை காரில் கொண்டுபோய் விடுகிறேன். உள்ளே மட்டும் வரமாட்டேன்.